விண்டோஸ் லைசென்ஸ்: கீ வாங்கும் முன், பார்மட் செய்யும் முன், போர்டு மாற்றும் முன்

திரையின் வலது கீழ்மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' என்ற மங்கலான வாசகம் தோன்றியதும் பலரும் முதலில் செய்வது, இணையத்தில் கீ (விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் 25 எழுத்துக் குறியீடு) தேடுவதுதான். பெரும்பாலான நேரங்களில் கீ வாங்கவே தேவையிருக்காது. என் கணினியில் மதர்போர்டு மாற்றிய பிறகு இந்த வாசகத்தோடு நானும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. விசாரித்த இடமெல்லாம் ஆளுக்கொரு பதில். புதுக் கீ வாங்குங்கள் என்றார்கள், முழுதாக பார்மட் செய்யுங்கள் என்றார்கள். கடைசியில் இரண்டுமே தேவைப்படவில்லை. அந்த அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதிவைக்கிறேன்.

இங்கே சொல்வது விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொருந்தும். மேக், லினக்ஸ் பற்றிக் கடைசியில் கொஞ்சம் உண்டு. உங்களிடம் இருப்பது எந்த வகை லைசென்ஸ் என்று தெரியாமல் எதற்கும் பணம் கட்டாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒன்றிலிருந்து வருபவைதான்.

1. பதறாமல் நிலவரத்தைப் பாருங்கள்

ஆக்டிவேட் ஆகாததால் கணினி நின்றுபோகாது. வால்பேப்பர், நிறம், லாக் ஸ்க்ரீன் போன்றவற்றை மாற்றும் வசதி பூட்டப்படும். அந்த வாசகம் திரையிலேயே நிற்கும். பாதுகாப்பு அப்டேட்கள் தொடர்ந்து வரும். ஒப்பந்தப்படி ஆக்டிவேட் செய்யாமலே பயன்படுத்திக்கொண்டிருக்க அனுமதி இல்லை என்பது உண்மை. ஆனால் இன்று இரவுக்குள் எதையாவது வாங்கியாக வேண்டும் என்ற அவசரம் கிடையாது. போலிக் கீ விற்பவர்கள் நம்பியிருப்பது இந்த அவசரத்தைத்தான்.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் ஆக்டிவேஷன். விண்டோஸ் 10 என்றால் செட்டிங்ஸ், அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, ஆக்டிவேஷன். அந்தப் பக்கத்தில் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, எடிஷன்: ஹோமா, ஹோம் சிங்கிள் லாங்குவேஜா, ப்ரோவா, எஜுகேஷனா, என்டர்பிரைஸா? இரண்டாவது, ஆக்டிவேஷன் நிலை. டிஜிட்டல் லைசென்ஸ் (கீக்குப் பதிலாக மைக்ரோசாஃப்டின் சர்வரில் பதிவான உரிமை) மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வரலாம். அதே வரியோடு 'மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைக்கப்பட்டுள்ளது' என்றும் சேர்ந்து வரலாம். உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் என்று வந்தால் அது தனிக்கதை, கீழே சொல்கிறேன்.

எடிஷனைக் குறிக்காமல் விடாதீர்கள். ஹோமுக்கான லைசென்ஸ் ப்ரோவை ஆக்டிவேட் செய்யாது, ப்ரோவுக்கானது ஹோமை அப்படியே ஆக்டிவேட் செய்யாது. மறுபடி விண்டோஸ் போட்ட பிறகு 'என் லைசென்ஸ் காணாமல் போய்விட்டது' என்று தவிப்பவர்களில் பலரிடம் லைசென்ஸ் பத்திரமாகவே இருக்கும். போட்ட எடிஷன்தான் மாறியிருக்கும்.

2. லைசென்ஸ் எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

செட்டிங்ஸ் பக்கம் இதை முழுதாகச் சொல்லாது. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளை ஒட்டி அடித்து, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்வுக் கோடு (/) போட்டு, டி, எல், ஐ என்று அடித்து என்டர் கொடுங்கள். சில நொடிகளில் ஒரு சிறு பெட்டி வரும். அதன் டிஸ்கிரிப்ஷன் வரியில் ஓஇஎம், ரீடெய்ல், வால்யூம் என்ற மூன்றில் ஒரு சொல் இருக்கும். இதைப் படம் பிடித்து வையுங்கள்.

ஓஇஎம் என்றால் கணினியோடு வந்த லைசென்ஸ். அது அந்தக் கணினிக்கே உரியது. கணினியை விற்றால் லைசென்ஸும் கூடவே போகும், தனியாகக் கழற்றி வேறு கணினிக்குக் கொண்டுபோக முடியாது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து நிறுவனங்கள் விற்கும் மடிக்கணினிகளில் இந்தக் கீ மதர்போர்டில் உள்ள யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேருக்குள்ளேயே (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) எழுதப்பட்டு வருகிறது. அடியில் ஸ்டிக்கரில் கீ இல்லையே என்று தேட வேண்டாம், அது உள்ளே இருக்கிறது.

ரீடெய்ல் என்றால் தனியாக விலை கொடுத்து வாங்கியது. ஒரு நேரத்தில் ஒரு கணினியில்தான் பயன்படுத்தலாம். ஆனால் பழையதிலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போட உரிமை உண்டு. இதற்கு விலை கூட இருப்பதற்குக் காரணமே இதுதான்.

வால்யூம் என்றால் நிறுவனங்களுக்கும் கல்லூரிகளுக்கும் மொத்தமாகக் கொடுக்கப்படுவது. இதில் இரண்டு முறைகள் உண்டு. எம்ஏகே என்பது குறிப்பிட்ட எண்ணிக்கைவரை ஆக்டிவேட் செய்யக்கூடிய ஒரே கீ. கேஎம்எஸ் என்பது நிறுவனத்துக்குள் இருக்கும் சர்வர் ஒன்று ஆக்டிவேட் செய்வது. கேஎம்எஸ் ஆக்டிவேஷன் 180 நாட்களுக்குத்தான் செல்லும். கணினி 7 நாட்களுக்கு ஒருமுறை அந்த சர்வரைத் தேடிப் புதுப்பித்துக்கொள்ளும். அலுவலகக் கணினியை வீட்டில் நெடுநாள் வைத்திருந்தால் திடீரென்று ஆக்டிவேஷன் போவது இதனால்தான். அலுவலக வலையமைப்போடு ஒருமுறை இணைத்தால் சரியாகிவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சொந்தக் காசில் தனியாக வாங்கிய கணினியில் வால்யூம், கேஎம்எஸ் கிளையன்ட் என்று காட்டினால், யாரோ கள்ளத்தனமாக ஆக்டிவேட் செய்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அந்த ஐந்தெழுத்துக் கட்டளையின் பின்னால் அதேபோல இடைவெளியும் முன்சாய்வுக் கோடும் போட்டு எக்ஸ், பி, ஆர் என்று அடித்துப் பாருங்கள். நிரந்தரமாக ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வராமல் ஒரு முடிவு தேதி வந்தால் சந்தேகம் உறுதி.

இன்னொன்றும் பலரைக் குழப்புகிறது. அந்தப் பெட்டியில் கீயின் கடைசி ஐந்து எழுத்துகள் தெரியும். டிஜிட்டல் லைசென்ஸ் உள்ள ப்ரோ கணினிகளில் அது 3வி66டி என்றும், ஹோம் கணினிகளில் 8எச்விஎக்ஸ்7 என்றும் இருப்பது வழக்கம். அது உங்கள் கீ அல்ல, எல்லாருக்கும் பொதுவாக மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் நிறுவல் கீ. 'கீ ஃபைண்டர்' மென்பொருள் காட்டியது என்று அதைப் பத்திரமாக எழுதிவைப்பதில் எந்தப் பயனும் இல்லை. உண்மையான உரிமை உங்கள் வன்பொருளின் அடையாளத்தோடு சேர்த்து மைக்ரோசாஃப்டின் சர்வரில் பதிவாகியிருக்கிறது.

3. ஆவணங்களை ஒரே இடத்தில் சேருங்கள்

ஆதரவுப் பிரிவோடு பேச வேண்டிய நிலை வந்தால் அவர்கள் கேட்பது ஆதாரம். 'ஆக்டிவேட் ஆகித்தான் இருந்தது' என்ற வாய்வார்த்தை போதாது. கணினியின் அல்லது லைசென்ஸின் ரசீது, கீ அட்டையின் புகைப்படம், இணையத்தில் வாங்கியிருந்தால் உறுதிப்படுத்தி வந்த மின்னஞ்சல், கணினியின் சீரியல் எண், மேலே சொன்ன இரண்டு திரைகளின் படம் ஆகியவை ஒரு கோப்புறையில் இருக்கட்டும். அந்தக் கோப்புறை அதே கணினியில் மட்டும் இருந்தால் பயனில்லை. கைபேசியிலோ மேகச் சேமிப்பிலோ இன்னொரு நகல் வேண்டும்.

பழைய கணினியில் கீ ஸ்டிக்கர் இருந்தால் எழுத்துகள் அழியும் முன் படம் எடுங்கள். பெட்டியில் வந்த ரீடெய்ல் என்றால் அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். ரசீதில் 'மென்பொருள்' என்று பொதுவாக எழுதியிருந்தால் எடிஷனும் வகையும் குறிப்பிட்டு எழுதித் தரச் சொல்லுங்கள்.

4. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணையுங்கள்

மொத்தக் கட்டுரையிலும் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். செலவில்லை, சில நிமிட வேலை. ஆக்டிவேட் ஆன நிலையில் இருக்கும்போதே செய்துவைக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். போர்டு போன பிறகு இணைக்க முடியாது.

ஆக்டிவேஷன் பக்கத்திலேயே கணக்கைச் சேர்க்கும் வழி இருக்கும். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நுழைந்து அதைச் செய்யுங்கள். முடிந்ததும் நிலை வரியில் மைக்ரோசாஃப்ட் கணக்குடன் இணைக்கப்பட்டுள்ளது என்று மாறியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். மாறாமல் இருந்தால் ஒருமுறை மறுதொடக்கம் செய்து பாருங்கள். பயன்படுத்தாத பழைய மின்னஞ்சலில் கணக்கு வைத்திருந்தால் மீட்புக்கான தொலைபேசி எண்ணை இப்போதே புதுப்பித்துவிடுங்கள்.

கணினிக்கு ஒரு பெயர் வைப்பதும் இப்போதே நல்லது. விண்டோஸ் தானாக வைக்கும் பெயர், டெஸ்க்டாப் என்று தொடங்கி எண்ணும் எழுத்தும் கலந்து இருக்கும். பின்னால் பட்டியலில் எது உங்கள் கணினி என்று தேர்ந்தெடுக்க வேண்டி வரும்போது அப்படிப் பல பெயர்கள் வரிசையாக நின்றால் தலை சுற்றும். செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் பக்கத்தில் ரீநேம் செய்யலாம்.

அப்புறம் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. பல விண்டோஸ் 11 கணினிகளில் டிஸ்க் என்க்ரிப்ஷன் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும், உரிமையாளருக்கே தெரியாது. போர்டை மாற்றினால் அந்தப் பூட்டின் சாவியை வைத்திருக்கும் டிபிஎம் சிப்பும் மாறும். உடனே கணினி 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லையென்றால் லைசென்ஸ் கவலையெல்லாம் பின்னுக்குப் போய்விடும், கோப்புகளே கிடைக்காது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த மீட்பு எண் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி வையுங்கள். பழுது பார்க்கக் கணினியைக் கொடுக்கும் முன் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

5. பார்மட் செய்து மறுபடி போடும்போது

அதே கணினி, அதே எடிஷன் என்றால் கீயே தேவையில்லை. மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள யுஎஸ்பியில் நிறுவல் மீடியா உருவாக்குங்கள். இது இலவசம். அந்த யுஎஸ்பியில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் காலி யுஎஸ்பியாக எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவும்போது கீ கேட்டால் 'என்னிடம் கீ இல்லை' என்ற தேர்வை அழுத்தி, முன்பிருந்த எடிஷனையே தேர்ந்தெடுங்கள். நிறுவி முடித்து இணையத்தில் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடியும். உடனே ஆகவில்லை என்றால் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள், சர்வர் நெரிசலும் காரணமாக இருக்கலாம். இதற்காக யாராவது 'லைசென்ஸ் கட்டணம்' கேட்டால் கொடுக்காதீர்கள். நிறுவும் வேலைக்குக் கூலி கேட்பது வேறு, இருக்கும் லைசென்ஸுக்கே மறுபடி காசு கேட்பது வேறு.

இதில் ஒரு பொறி உண்டு. ஹோமோடு வந்த மடிக்கணினிக்குப் பிறகு நீங்கள் ப்ரோ வாங்கியிருந்தால், நிறுவல் நிரல் ஃபர்ம்வேரில் உள்ள ஹோம் கீயைப் படித்துவிட்டு எதுவும் கேட்காமல் ஹோமையே போட்டுவிடும். பயப்பட வேண்டாம். ஆக்டிவேஷன் பக்கத்தில் உங்கள் ப்ரோ கீயைக் கொடுத்தால் அங்கிருந்தே ப்ரோவாக மாறும். கீ இல்லாமல் ஸ்டோரில் வாங்கிய ப்ரோ என்றால் அதே பக்கத்திலிருந்து ஸ்டோருக்குப் போங்கள். கணினிக்கு ப்ரோ டிஜிட்டல் லைசென்ஸ் இருப்பது தெரிந்தால் காசு கேட்காமல் மாற்றித் தரும்.

விண்டோஸ் 10இலிருந்து 11க்குப் போவதும் இதே கணக்குதான். எடிஷன் மாறாதவரை பழைய டிஜிட்டல் லைசென்ஸே செல்லும், புதிதாக வாங்க வேண்டியதில்லை. கணினியில் டிபிஎம் 2.0, செக்யூர் பூட், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், ஏற்கப்பட்ட பிராசஸர் ஆகியவை இருக்க வேண்டும். ஆனால் விண்டோஸ் 7, 8 கீக்களை வைத்து 10ஐயோ 11ஐயோ ஆக்டிவேட் செய்யலாம் என்று பழைய பதிவுகளில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். இலவச மேம்படுத்தல் சலுகை 2016 ஜூலை 29 அன்றே முடிந்தது. பின்வாசலாகத் திறந்திருந்த வழியும் 2023 செப்டம்பரில் மூடப்பட்டுவிட்டது. அந்தச் சலுகையில் அன்றே மேம்படுத்தி டிஜிட்டல் லைசென்ஸ் பெற்ற கணினிகளுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

6. வன்பொருள் மாற்றிய பிறகு

ரேம், ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, கிராஃபிக்ஸ் கார்டு இவற்றில் ஒன்றை மாற்றினால் பொதுவாக ஒன்றும் ஆகாது. மதர்போர்டை மாற்றினால் அது வேறு கணினி என்றே சர்வர் எடுத்துக்கொள்ளும்.

ரீடெய்ல் வைத்திருப்பவர்கள் இப்படிச் செய்யுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து ஆக்டிவேஷன் பக்கத்தில் ட்ரபிள்ஷூட் பொத்தானை அழுத்துங்கள். ஆக்டிவேட் ஆகாத நிலையில்தான் அந்தப் பொத்தான் தெரியும். அது தேடிப் பார்த்துவிட்டு முடியவில்லை என்று சொல்லும். அதோடு மூடிவிடாதீர்கள், பலர் இந்த இடத்தில்தான் மனம் தளர்ந்து கீ வாங்கப் போகிறார்கள். அதே பெட்டியின் கீழே, 'சமீபத்தில் இந்தக் கருவியில் வன்பொருள் மாற்றினேன்' என்ற பொருளில் ஒரு இணைப்பு இருக்கும். அதை அழுத்தி, லைசென்ஸ் இணைத்திருந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையுங்கள். உங்கள் கணினிகளின் பட்டியல் வரும். பழைய பெயரைத் தேர்ந்தெடுத்து, இப்போது பயன்படுத்துவது இதுதான் என்ற கட்டத்தில் குறியிட்டு ஆக்டிவேட் கொடுங்கள். அவ்வளவுதான்.

பட்டியலில் உங்கள் கணினி இல்லையென்றால் கணக்கு வேறாக இருக்கலாம், எடிஷன் வேறாக இருக்கலாம், அல்லது முன்பு இணைக்கவே செய்யாமல் இருந்திருக்கலாம். இத்தனை முறைதான் மறுபடி ஆக்டிவேட் செய்யலாம் என்ற வரம்பும் உண்டு.

ஓஇஎம் என்றால் விதி கடுமையானது. நீங்களாக விரும்பி வேறு போர்டு போட்டால் லைசென்ஸ் பழைய போர்டோடு முடிந்தது, புதிதாக வாங்க வேண்டும். ஆனால் போர்டு பழுதானதால் அதே மாடலோ, தயாரிப்பாளர் தரும் இணையான மாடலோ மாற்றப்பட்டால் புது லைசென்ஸ் தேவையில்லை. இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசுங்கள். தயாரிப்பாளரின் சேவை மையத்தில் போர்டு மாற்றினால், கணினியை வாங்கிக்கொள்ளும்போதே அங்கேயே திறந்து ஆக்டிவேஷன் பக்கத்தைப் பாருங்கள். புதுப் போர்டின் ஃபர்ம்வேரில் கீயை எழுதித் தருவது அவர்கள் வேலை. போர்டு மாற்றப்பட்டதற்கான சேவைத் தாளையும் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பிறகு தனியாக நிரூபிப்பது சிரமம்.

7. ரீடெய்ல் லைசென்ஸைப் புதுக் கணினிக்குக் கொண்டுபோவது

பழைய கணினியில் கட்டளைப் பெட்டியை (கமாண்ட் ப்ராம்ப்ட்) அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, முன்சொன்ன ஐந்தெழுத்துக் கட்டளையோடு இடைவெளியும் முன்சாய்வுக் கோடும் போட்டு யு, பி, கே என்று கொடுத்தால் கீ நீங்கும். அதற்கு முன் கீ உங்கள் கையில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். புதுக் கணினியில் ஆக்டிவேஷன் பக்கத்தில் கீயை மாற்றும் தேர்வில் 25 எழுத்துகளையும் அடியுங்கள்.

வேறு கணினியில் பயன்பட்டதாகச் சொல்லி மறுத்தால், ரன் பெட்டியில் எஸ், எல், யு, ஐ என்று அடித்து இடைவெளி விட்டு 4 என்று கொடுத்துப் பாருங்கள். அது தொலைபேசி வழி ஆக்டிவேஷனுக்கானது. திரையில் வரும் நீண்ட இன்ஸ்டலேஷன் எண்ணை அங்கே காட்டும் வழியில் கொடுத்தால் ஒரு கன்ஃபர்மேஷன் எண் கிடைக்கும். எத்தனை கணினிகளில் இந்தக் கீ இருக்கிறது என்று கேட்பார்கள். ஒன்றில்தான் என்று உண்மையாகச் சொல்லும் நிலையில் இருங்கள். இந்தச் சேவைக்குக் கட்டணம் கிடையாது.

8. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

மைக்ரோசாஃப்டின் ஸ்டோரிலோ அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமோ வாங்குங்கள். ஹோமிலிருந்து ப்ரோவுக்கு மாறுவதுதான் நோக்கம் என்றால் முழு ப்ரோவை வாங்காதீர்கள். ஆக்டிவேஷன் பக்கத்திலிருந்தே ஸ்டோருக்குப் போய் மேம்படுத்தல் மட்டும் வாங்கினால் முழு விலையைவிடக் குறைவு. அப்படி வாங்கும்போது கீ எதுவும் வராது, டிஜிட்டல் லைசென்ஸாகவே பதிவாகும். கணினி எஸ் மோடில் (ஸ்டோரில் உள்ள செயலிகளை மட்டும் அனுமதிக்கும் நிலை) இருந்து வெளியே வர வேண்டும் என்றால் அதற்குக் காசே இல்லை. வெளியே வந்தபின் திரும்பிப் போக முடியாது, அதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அதிகாரபூர்வ விலையில் மிகச் சிறு பங்குக்கு விற்கப்படும் கீக்களைப் பற்றி உறுதியாகவே சொல்கிறேன், வாங்காதீர்கள். அவற்றில் பல, நிறுவனங்களுக்குக் கொடுத்த எம்ஏகே கீக்களைப் பிரித்து விற்பவை. சில, கல்வி நிறுவனங்களுக்கு வந்தவை. திருடிய வங்கி அட்டையில் வாங்கியவையும் இருக்கின்றன. இன்று ஆக்டிவேட் ஆவதால் நாளைக்கும் இருக்கும் என்று பொருளல்ல. எண்ணிக்கை வரம்பு முடிந்தாலோ, மைக்ரோசாஃப்ட் அந்தக் கீயைத் தடை செய்தாலோ அடுத்தமுறை நிறுவும்போது ஏற்காது. விண்டோஸுக்கான வால்யூம் லைசென்ஸே மேம்படுத்தல் உரிமைதான், அடியில் தகுதியான ஒரு லைசென்ஸ் ஏற்கெனவே இருக்க வேண்டும். ஆகவே ஆக்டிவேட் ஆனாலும் உங்களிடம் முறையான உரிமை இருக்காது. சிறு தொழில் நடத்துபவர்களுக்குத் தணிக்கை வந்தால் ரசீதுதான் பேசும், திரையில் தெரியும் 'ஆக்டிவேட்டட்' பேசாது.

'ஆக்டிவேட்டர்' என்று கிடைக்கும் நிரல்கள் இதைவிட மோசம். ஓடவிடும் முன் ஆன்ட்டிவைரஸை அணைக்கச் சொல்கிற எந்த நிரலையும் தொடாதீர்கள். வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே கணினியில் முகம் தெரியாத ஒருவருக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை கொடுக்கிறீர்கள்.

சோதனைப் பதிப்பிலும் கவனம் வேண்டும். என்டர்பிரைஸ் இவேல்யுவேஷன் 90 நாட்கள் ஓடும். அப்புறம் மணிக்கு ஒருமுறை தானாக அணைந்துபோகும். அதில் ஒரு கீயைப் போட்டு முழுப் பதிப்பாக மாற்ற முடியாது, முதலிலிருந்து நிறுவ வேண்டும். வேலைக்கான கணினியில் அதைப் போடாதீர்கள்.

மெய்நிகர் கணினி, அதாவது ஒரு விண்டோஸுக்குள் இன்னொரு விண்டோஸ் ஓட்டுபவர்கள், உள்ளே ஓடும் ஒவ்வொன்றுக்கும் தனி லைசென்ஸ் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. மடிக்கணினியோடு வந்த ஓஇஎம் உள்ளே செல்லாது.

9. பயன்படுத்திய கணினி வாங்கும்போது

பணம் கொடுக்கும் முன் 1, 2 படிகளை விற்பவர் முன்னாலேயே செய்யுங்கள். ஓஇஎம் என்று வந்தால் நிம்மதி, லைசென்ஸ் கணினியோடு வருகிறது. வால்யூம் என்று வந்தால் விண்டோஸ் இல்லாத கணினியாகக் கணக்கிட்டு விலை பேசுங்கள். முந்தையவரின் கணக்கை நீக்கி, ரீசெட் செய்து தரச் சொல்லுங்கள். அது ஏதாவது நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருந்த கணினியா என்றும் கேளுங்கள். ரீசெட்டுக்குப் பிறகு நிறுவனத்தின் பெயரோடு உள்நுழைவுத் திரை வந்தால் அந்தக் கணினி இன்னும் விடுவிக்கப்படவில்லை.

10. பிழை எண்கள்

முன்னால் வரும் 0எக்ஸ் என்பதை விட்டுவிட்டு மீதியைத் தருகிறேன். அதற்கும் முன்னால், கணினியின் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். போர்டின் சிறு பேட்டரி தீர்ந்து தேதி பின்னுக்குப் போயிருந்தால் ஆக்டிவேஷன் நடக்காது. விபிஎன் இருந்தால் அணைத்துவிட்டுப் பாருங்கள்.

803எஃப்7001, சி004எஃப்211, சி004எஃப்213 என்றால் இந்த வன்பொருளுக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. 6ஆம் படிக்குப் போங்கள்.

சி004எஃப்050 என்றால் கீ தவறாக அடிக்கப்பட்டிருக்கிறது அல்லது எடிஷனுக்குப் பொருந்தவில்லை. எட்டும் பி எழுத்தும், ஆறும் ஜி எழுத்தும் ஒன்றுபோலத் தெரியும், நிதானமாக மறுபடி அடியுங்கள்.

சி004சி008 என்றால் கீ அனுமதித்ததைவிட அதிகக் கணினிகளில் பயன்பட்டிருக்கிறது. ரீடெய்ல் என்றால் 7ஆம் படியின் தொலைபேசி வழி. சி004சி003 என்றால் கீ தடை செய்யப்பட்டிருக்கிறது. விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க இந்தத் திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

சி004எஃப்074, 8007232பி இரண்டும் கேஎம்எஸ் சர்வர் கிடைக்கவில்லை என்பவை. அலுவலகக் கணினி என்றால் அலுவலகத்தின் கணினிப் பிரிவைக் கேளுங்கள். சொந்தக் கணினியில் இது வந்தால் தவறான வகை விண்டோஸ் போடப்பட்டிருக்கிறது. உங்கள் உண்மையான எடிஷனை நிறுவி, உங்கள் லைசென்ஸைப் பயன்படுத்துங்கள்.

11. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. ஆக்டிவேஷன் அதனால் போகாது. பாதுகாப்பு அப்டேட்தான் நிற்கும். தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரை என அறிவித்தது. அதில் சேரக் கணினி 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் சேரும் இணைப்பு வரும். நீட்டிப்புக்காகத் தனியாகக் கீ விற்கிறோம் என்று வருபவர்களை நம்ப வேண்டாம்.

12. மேக், லினக்ஸ்

மேக்ஓஎஸ்ஸுக்குக் கீ கிடையாது. ஆப்பிள் தயாரித்த கணினியில் மட்டுமே நிறுவலாம் என்பதுதான் ஒப்பந்தம். பயன்படுத்திய மேக் வாங்குபவர்கள் பார்க்க வேண்டியது ஆக்டிவேஷன் லாக். டி2 சிப் உள்ளவையும் ஆப்பிள் சிலிக்கான் கணினிகளும் முந்தைய உரிமையாளரின் கணக்கில் பூட்டியிருக்கலாம். விற்பவர் ஃபைண்ட் மை (தொலைந்த கணினியைக் கண்டுபிடிக்கும் ஆப்பிள் வசதி) என்பதை அணைத்து, கணக்கிலிருந்து கணினியை நீக்கட்டும். முதல் அமைப்புத் திரை வரும்வரை உடன் இருந்து, அதன் பிறகே பணம் கொடுங்கள். பின்னால் அவரைத் தேடிப் பிடிக்க முடியாமல் போனால் அந்தக் கணினியைப் பயன்படுத்த வழியே இருக்காது.

லினக்ஸில் பெரும்பாலான விநியோகங்களுக்கு (உபுண்டு போன்ற பதிப்புகளுக்கு) ஆக்டிவேஷன் என்ற பேச்சே இல்லை. இறக்கி, நிறுவி, எத்தனை கணினியில் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். பணம் வருவது ஆதரவுச் சந்தாவில்தான். உபுண்டு ப்ரோ தனிநபர்களுக்கு 5 கணினிகள்வரை இலவசம். ரெட் ஹாட் போன்றவற்றில் சந்தாவைப் பதிவு செய்தால்தான் அப்டேட் களஞ்சியம் திறக்கும். சந்தா முடிந்தால் ஓடிக்கொண்டிருக்கும் கணினி நிற்காது, அப்டேட்கள் வருவதுதான் நின்றுபோகும். சர்வர் வைத்திருப்பவர்கள் அந்த முடிவு தேதியை நாட்காட்டியில் ஒரு மாதம் முன்பே நினைவூட்டும்படி குறித்துக்கொள்ளுங்கள்.